சாப்பாட்டு டப்பாவோடு ஒரு பாடகர்

1985க்குப் பிறகு பில் விதர்ஸ் புது ஆல்பமே போடவில்லை என்பதைச் சோகக் கதையாகவே எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோணலை. 1971இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள்: தொழிற்சாலை வாசல், கையில் சாப்பாட்டு டப்பா. விமானக் கழிப்பறை இருக்கை செய்துகொண்டிருந்த, முப்பதைத் தாண்டிய ஆள்.

அதிலுள்ள 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டில் ஓர் இடத்தில் இரண்டே சொல்லை 26 தடவை திரும்பத் திரும்பப் பாடுவார். அங்கே வேறு வரி எழுதத்தான் நினைத்திருந்தார். கூட வாசித்தவர்கள் அப்படியே விடச் சொன்னார்கள், விட்டுவிட்டார். திக்குவாயோடு வளர்ந்தவர் ஒரே சொல்லில் அவ்வளவு நேரம் நிற்கிறார்!

எதை விடணும் என்று தெரிந்த அதே ஆள்தான் பின்னால், எப்படிப் பாடணும் என்று கம்பெனிக்காரர்கள் பாடம் எடுத்தபோது, இசைத்தொழிலையே விட்டார். ராஜினாமா மெயிலை வருஷக்கணக்கில் டிராஃப்டில் வைத்திருக்கும் எனக்கு இதில் சோகம் தெரியவில்லை. பொறாமைதான்.