பேங்க் ‘முடியாது’ன்னு சொன்னா, ஏன்னு கேட்டோமா?

போன தடவை ஊருக்கு, தம்மம்பட்டிக்கு, போயிருந்தப்ப என் மனைவியோட தம்பி ஒரு மனைப்பிரிவு நோட்டீஸோட வந்தான். ஆத்தூர் ரோட்டுப் பக்கம், 1,200 சதுர அடி. ரெண்டு பேங்க்ல கேட்டுட்டானாம். ரெண்டு இடத்துலயும் கடன் கிடையாதுன்னுட்டாங்க.

“மாமா, உங்க பெங்களூர் வீட்டு லோன் மேல ஒரு டாப்-அப் எடுத்துக் குடுங்க. மீதிக்கு அக்கா நகையை வச்சிக்கலாம். மூணு வருஷத்துல டபுள் ஆயிடும்.”

“பேங்க்ல ஏன் தரலையாம் மாப்ள?”

“அதெல்லாம் இப்ப டைட் பண்ணிட்டாங்க மாமா. யாருக்குமே தர்றதில்ல.”

சேலத்துல ஒரு ஓட்டல் ஹால்ல நடந்த முதலீட்டுக் கூட்டத்துல எழுதிக்கிட்ட குறிப்புகளையும் காட்டினான். வங்கிகள் கடனை இறுக்கும்போது மனை முதலீட்டாளர் என்ன செய்யணும்ங்கிறதுக்கு ஐந்து வழிகள்: டாப்-அப், நகைக்கடன், பர்சனல் லோன், நாலு பேர் சேர்ந்து வாங்குறது, அட்வான்ஸ் மட்டும் குடுத்து அக்ரிமெண்ட் போட்டுக்கிட்டுப் பத்திரம் பண்றதுக்கு முன்னாடியே கைமாத்துறது. யூடியூப்ல இதே ஐந்தும் வேற வேற வரிசையில கிடைக்குது. இந்தக் கட்டுரை அந்த அறிவுரை மேல ஒரு விமர்சனம். அவனுக்கு நான் சொன்ன பதிலும் இதுக்குள்ளேயே இருக்கு.

நான் சாஃப்ட்வேர் ஆள், பொருளாதாரம் படிச்சவன் இல்லை. ஆனா ஒரு புரோகிராம் எரர் காட்டினா, முதல்ல அந்த எரர் என்ன சொல்லுதுன்னு படிக்கணும்னு தெரியும். படிக்காம வேற பட்டனை அழுத்திப் பார்க்கிறவங்களை ஆபீஸ்ல திட்டுவோம். இந்த ஐந்து வழிகளும் அதைத்தான் செய்யுது. பேங்க் எதுக்காக முடியாதுன்னு சொல்லுதுங்கிற கேள்வியே அந்தக் குறிப்புகள்ல இல்லை.

மூணு விதமான ‘முடியாது’

நான் பார்த்த வரைக்கும் மறுப்பு மூணு விதம். ஒண்ணு, சொத்து மேல சந்தேகம். ரெண்டு, விலை மேல சந்தேகம். மூணு, ஆள் மேல சந்தேகம்.

முதல் வகைக்கு எங்க வீட்டுலயே உதாரணம் இருக்கு. அப்பா ரிட்டையர் ஆன பணத்துல 2013-ல் ஒரு மனை வாங்கினார். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’னு சொல்லி வித்தாங்க. டி.டி.சி.பி. அனுமதி இல்லை. அப்பவே ஒரு பேங்க் மேனேஜர் “இதுக்கு லோன் வராதுங்க”ன்னு சொல்லியிருக்கார். அப்பா அதைப் பெருசா எடுத்துக்கல. கையில காசு இருக்கு, பேங்க் எதுக்குன்னு நினைச்சார்.

2016 செப்டம்பர் 9 அன்னைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டது. அடுத்த நவம்பர்ல பணமதிப்பிழப்பு. தங்கச்சி கல்யாணத்துக்கு அந்த மனையை வித்துடலாம்னு இருந்தோம். வாங்க ஆள் இருந்தாலும் பதிய முடியாது. 2017 மே மாசம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. அதுக்கப்புறம் கட்டணம் கட்டி, அலைஞ்சு, ஒருவழியா சரி பண்ணினோம். கல்யாணம் மட்டும் கடன்லதான் நடந்தது.

இதுல நான் ரொம்பத் தாமதமா தெரிஞ்சிக்கிட்ட விஷயம் ஒண்ணு. டெல்லி உயர் நீதிமன்ற வழக்கு ஒண்ணைத் தொடர்ந்து, அனுமதி இல்லாத குடியிருப்புகளுக்குக் கடன் தரக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2006-லேயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. அதாவது நீதிமன்றத் தடைக்குப் பத்து வருஷம் முன்னாடியே பேங்க்காரங்க எச்சரிக்கை குடுத்துக்கிட்டிருந்தாங்க. நாங்க அதை ‘பேங்க் டைட்’னு புரிஞ்சிக்கிட்டோம்.

அடுத்தது, விலை மேல சந்தேகம். வீட்டுக்கடன்ல 30 லட்சம் வரைக்கும் சொத்து மதிப்புல 90 சதவீதம், 75 லட்சம் வரைக்கும் 80, அதுக்கு மேல 75 சதவீதம்தான் உச்சவரம்புன்னு ரிசர்வ் வங்கி விதி. மனைக்கு வங்கிகள் இன்னும் குறைவாத்தான் தரும். அந்த மதிப்பை முடிவு பண்றது விக்கிறவர் சொல்ற விலை இல்லை. நம்ம பக்கம் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுட்டு மீதியை ரொக்கமா தர்ற பழக்கம் இன்னும் போகல. பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்கி ஐந்து லட்சத்துக்குப் பதிஞ்சா, பேங்க் கண்ணுக்கு அது ஐந்து லட்ச ரூபாய் சொத்து. விக்கும்போது வருமான வரிக் கணக்குலயும் வாங்கின விலை ஐந்து லட்சம்தான். இது சட்டத்துக்கு உட்பட்டதும் இல்லை: 2015 ஜூன் முதல் அசையாச் சொத்து பரிவர்த்தனைல 20,000 ரூபாய்க்கோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே தொகை அபராதம்.

மூணாவது வகைலதான் நான் பேங்க் பக்கம் நிக்க மாட்டேன். தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. ஆனா இருபது வருஷமா உளி பிடிக்கிற ஒருத்தர் வீடு கட்டக் கடன் கேட்டா, சம்பளச் சீட்டு எங்கன்னு கேப்பாங்க. மரவள்ளி, பாக்கு போடறவருக்கும் இதே கதை. எனக்கு ஃபார்ம் 16 இருக்கிறதால மூணாவது சொத்துக்குக்கூட போன் போட்டுத் தர்றாங்க. இங்க ‘முடியாது’ங்கிறது சொத்தைப் பத்தின தகவலே இல்லை. வங்கியோட பார்வைக் குறைபாடு. நத்தம் நிலத்துக்கும் இப்படித்தான். நாலு தலைமுறையா குடியிருந்தாலும் பட்டா இல்லைன்னு திருப்பி அனுப்புவாங்க. அதனால ‘பேங்க் சொன்னா சரியாத்தான் இருக்கும்’னு நான் சொல்ல வரலை. எந்த வகை மறுப்புன்னு தெரிஞ்சாதான் அடுத்த அடி வைக்க முடியும். ஆள் மேல சந்தேகம்னா ரெண்டு மூணு வருஷம் வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணி, வரவை பேங்க் வழியா ஓட்டிக் காட்டலாம். சொத்து மேல சந்தேகம்னா எந்தக் கடனும் அதைத் தீர்க்காது.

விதியில முதலீட்டாளரே இல்லை

இன்னொண்ணு. மனை வாங்கக் கடன் தரும்போது, அதுல வீடு கட்டப் போறேன்னு வாங்குறவர் உறுதிமொழி தரணும்ங்கிறது ரிசர்வ் வங்கி விதி. எவ்வளவு காலத்துக்குள்ளேன்னு அந்தந்த வங்கி முடிவு பண்ணும். தனியார் பில்டருக்கு நிலம் வாங்க வங்கி கடனே தரக்கூடாது. ஆக, வாங்கிப் போட்டு விலை ஏறினதும் விக்கிறவர்ங்கிற மனிதருக்கு வங்கி விதில இடமே இல்லை. அவர் மனைக்கடன் வாங்கினா முதல் கையெழுத்தே பொய். ‘இப்ப டைட் பண்ணிட்டாங்க’ங்கிறது பாதி உண்மைதான். இந்த விஷயத்துல அவங்க எப்பவும் டைட்தான்.

மீதிப் பாதி உண்மையையும் சொல்லணும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ வட்டி 4-லிருந்து 6.5 சதவீதம் ஆச்சு. 2023 நவம்பர்ல பர்சனல் லோன் மாதிரியான ஈடில்லாக் கடன்களுக்கு ரிஸ்க் வெயிட்டை 100-லிருந்து 125 ஆக்கினாங்க. அதாவது அந்தக் கடனுக்கு எதிரா வங்கி கூடுதல் மூலதனம் ஒதுக்கணும். 2024 ஆகஸ்ட்ல வீட்டுக்கடன் டாப்-அப் வேகமா வளருது, பணம் எங்க போகுதுன்னு சரியா கண்காணிக்கலைன்னு ரிசர்வ் வங்கி கவர்னர் எச்சரிச்சார். செப்டம்பர்ல நகைக்கடன் முறைகேடுகள் பத்தி ஒரு சுற்றறிக்கை.

இப்ப அந்த ஐந்து வழிகளைத் திரும்பப் பாருங்க. முதல் மூணும் ரிசர்வ் வங்கி பேர் சொல்லிக் கவலைப்பட்ட மூணு இடங்கள். இறுக்கத்துக்குத் தகவமைச்சுக்க ஆலோசனைன்னு சொல்லி, அடுத்து எங்க இறுகுமோ அங்கேயே கூட்டிட்டுப் போறாங்க. 2025 ஜூனுக்குள்ள ரெப்போ ஒரு சதவீதம் இறங்கிடுச்சுங்கிறது உண்மை. ஆனா வட்டி இறங்கினா பத்திரம் சரியாகாது.

கணக்கு

மச்சினனோட உக்காந்து போட்ட கணக்கு இது. சதுர அடி 1,000 ரூபாய்னு வச்சிக்குவோம். மனை 12 லட்சம். முழு விலைக்கும் பதிஞ்சா முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம்: 1.08 லட்சம். ஆறு லட்சம் கடன், மீதி 7.08 லட்சம் கைக்காசு.

கடன் 9 சதவீதத்துல கிடைச்சா, அசலைத் தொடாம மூணு வருஷ வட்டி 1.62 லட்சம். கைக்காசு டெபாசிட்ல இருந்தா 7 சதவீதம் வச்சு ஏறக்குறைய 1.49 லட்சம் வந்திருக்கும். எல்லாம் சேர்த்து 16.19 லட்சம். சதுர அடி 1,349-க்கு வித்தாதான் போட்டது திரும்பும். வருஷத்துக்குப் பத்தரை சதவீதம் விலை ஏறணும்.

அதே ஆறு லட்சம் வெளியில நூத்துக்கு ரெண்டு வட்டின்னா, மாசம் 12,000. மூணு வருஷத்துல 4.32 லட்சம். மொத்தம் 18.89 லட்சம். சதுர அடி 1,574. வருஷம் பதினாறு சதவீதத்துக்கு மேல ஏறினா நட்டம் இல்லை, அவ்வளவுதான். லாபம் இன்னும் ஆரம்பிக்கல. புரோக்கர் கமிஷன், வரி எதையும் சேர்க்கல. காலி மனை வாடகையும் தராது.

“டபுள் ஆகும்னு சொன்னாங்களே மாமா?”

“யாரு வாங்குவா மாப்ள? வர்றவனுக்கும் பேங்க்ல லோன் வராதே.”

இந்த ஒரு இடத்துலதான் அவன் யோசிச்சான். இந்த அறிவுரையோட பெரிய ஓட்டையும் இதுதான். உனக்குக் கடன் தராத சொத்துக்கு, உன்கிட்ட வாங்குறவனுக்கும் தர மாட்டாங்க. வாங்குறவங்க கூட்டம் முழுக் கைக்காசு வச்சிருக்கிற நாலு பேரா சுருங்கிடும். எங்க பக்கம் நான் பார்த்தது, மார்க்கெட் படுத்தா விலை இறங்காது. விலை அப்படியே நிக்கும், விற்பனைதான் நிக்கும். மதிப்பு எட்டு லட்சம் கூடிருக்குன்னு சொல்லிக்கலாம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு எட்டாயிரம் எடுக்க முடியாது. அக்ரிமெண்ட் போட்டுக் கைமாத்துறவர் இன்னும் மோசமான இடத்துல நிக்கிறார். கெடு தேதிக்குள்ள அடுத்த ஆள் வரலைன்னா அட்வான்ஸுக்கே ஆபத்து.

நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள முடிக்க வேண்டியது. மனை விக்க மூணு வருஷம் ஆகலாம். குறுகிய காலக் கடனை வாங்கி நீண்ட காலச் சொத்துல போடறது பெரிய நிறுவனங்களையே சாய்ச்சிருக்கு. 2018 செப்டம்பர்ல ஐ.எல்.&எஃப்.எஸ். தடுமாறினதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அவங்களுக்கு அரசு வந்து நிர்வாகக் குழுவை மாத்தினது. அக்கா நகைக்கு ஏலம்தான் வரும்.

டாப்-அப்லயும் ஒரு பாடம் இருக்கு. 30 லட்சம், 20 வருஷம், 7 சதவீதம்னா இ.எம்.ஐ. சுமார் 23,260. கடன் எடுத்த புதுசுலேயே வட்டி 9.5 ஆனா, ஒரு மாச வட்டி மட்டுமே 23,750. பழைய இ.எம்.ஐ. வட்டிக்கே பத்தாது. இ.எம்.ஐ. சுமார் 27,960 ஆகணும். 2022-23-ல் ஏறின அதே இரண்டரை சதவீதம்தான் இது. வட்டி ஏறும்போது இ.எம்.ஐ.யைக் கூட்டவா, தவணைக் காலத்தை நீட்டவான்னு வாடிக்கையாளர்கிட்ட கேக்கணும்னு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்ல உத்தரவு போட்டதுக்குப் பின்னணி இதுதான்.

அப்ப என்ன செய்யலாம்?

கையில முழுப் பணம் இருந்தாலும் பேங்க்ல கடனுக்குப் போற மாதிரியே பேப்பரைக் காட்டணும். மூலப் பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், பட்டா, டி.டி.சி.பி. அனுமதி எண். பேங்க் ஒத்துக்கிற சொத்தை மட்டும் வாங்கணும். கடன் வாங்கியே ஆகணும்னு இல்லை. மறுத்தா காரணத்தைக் கேட்டு எழுதி வச்சிக்கணும். கடன் எடுத்தா இன்னைய வட்டியோட இரண்டரை சதவீதம் கூட்டி, அந்த இ.எம்.ஐ.யைக் கட்ட முடியுமான்னு பார்க்கணும். ஆறு மாச இ.எம்.ஐ. தனியா இருக்கணும். குடியிருக்கிற வீட்டையும் வீட்டு நகையையும் காலி மனைக்கு ஈடா வைக்கக் கூடாது. பத்திரத்துல உண்மை விலை. இதெல்லாம் முடியலைன்னா வாங்காம இருக்கிறதும் ஒரு முடிவுதான். அந்த ஹால்ல ஆறாவது வழியா அதை யாரும் சொல்லலை, சொன்னா அங்க விக்கிறதுக்கு எதுவும் இருக்காது.

டாப்-அப் எடுத்துத் தர மாட்டேன்னு சொல்லிட்டேன். மனைவிக்கு அதுல கொஞ்சம் வருத்தம். தம்பி ஆசைப்பட்டுக் கேட்டானேன்னு. அவன் மறுநாள் அதே பேங்க்குக்குத் திரும்பப் போய், எதுக்கு மறுத்தீங்கன்னு கேட்டிருக்கான். மனைப்பிரிவு அனுமதி இன்னும் விண்ணப்ப நிலையிலதான் இருக்காம். நோட்டீஸ்ல ‘அப்ரூவ்டு’ன்னு பெரிய எழுத்துல போட்டிருந்தது. அப்பா அந்த நோட்டீஸைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம மடிச்சு அவன் பையிலயே வச்சிட்டார்.