கியரைக் கழற்றியபின் பின்சக்கரம்

பங்குனியில் ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். பிடுங்கிய உளுந்துச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போகும். கூலியில்லாத களம். அதன்மேல் கியர் சைக்கிளை ஓட்டினால் பின்னால் தொங்கிக்கொண்டு கியர் மாற்றுகிற டெரெய்லரின் குட்டிச் சக்கரங்களில் கொடி சுற்றிக்கொள்ளும். தெரியாமல் இன்னும் ஒரு மிதி மிதித்தால் டெரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போய்விடும், அதைத் தாங்கும் காது வளைந்துவிடும். சம்பாக் காலத்து வரப்புச் சேறும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் நிதானமாக.

மேடு பள்ளமே இல்லாத டெல்டாவில் இருபத்தொரு கியர் எதற்கு என்ற கேள்வி அப்போதுதான் வரும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒற்றை ஃப்ரீவீல் போட்டுக்கொள்வது நல்ல முடிவுதான். ஆனால் கியரோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விடுகிறது. செயினை எந்நேரமும் விறைப்பாக வைத்திருந்தது டெரெய்லரின் ஸ்பிரிங்தான். இனி அந்த விறைப்பைப் பின்சக்கரத்தின் இடம்தான் தர வேண்டும். சக்கரத்தை எதைக்கொண்டு பிடிப்பது என்பதில் கடைக்குக் கடை ஒரு வழி சொல்கிறார்கள். எல்லா வழியும் ஒன்றல்ல.

முதலில், சக்கரத்தை இழுப்பது எது, எவ்வளவு? அறுபது கிலோ ஆள் எழுந்து நின்று மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெடல் தண்டு 170 மி.மீ., முன் பல்சக்கரத்தில் பல் 44. அந்தப் பல்சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 89 மி.மீ. ஆக, செயினில் ஏறும் இழுவை 115 கிலோ எடைக்குச் சமம். முன்னால் 32 பல் இருந்தால் 155 கிலோவைத் தாண்டிவிடும். இத்தனையும் வலதுபக்கத்தில் மட்டும். அதனால் நட்டு நழுவினால் சக்கரம் நேராக முன்னே வராது. வலது முனை மட்டும் முன்னே வந்து, டயர் கோணி இடதுபக்க ஃபோர்க்கில் உரசும். பாலத்தின் ஏற்றத்தில் திடீரென்று வண்டி கட்டிப்போட்டதுபோல் நிற்பது இதனால்தான்.

நம் பழைய வண்டிகள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தன. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆகட்டும், லூதியானா ஹீரோ ஆகட்டும், 2001-02 முதல் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தந்துவரும் சைக்கிள் ஆகட்டும், பின் ஃபோர்க்கில் அச்சு உட்காரும் காடி படுக்கைவாக்கில் இருக்கும். சக்கரத்தைப் பின்னே இழுத்து செயினை விறைப்பாக்கி நட்டை முடுக்கலாம். கூடவே ஒரு சின்ன சாமான்: செயின் அட்ஜஸ்டர். அச்சில் மாட்டிய வளையம், ஃபோர்க்கின் வாலில் முட்டும் மூடி, நடுவே ஒரு திருகு. கடையில் இதை அலட்சியமாகப் பார்ப்பார்கள். செயினைச் சரிசெய்யும் சாமான் என்று மட்டும் நினைப்பார்கள். உண்மையில் அதன் பெரிய வேலை வேறு. நட்டு உராய்வால் மட்டுமே பிடிக்கிறது. அட்ஜஸ்டரோ அச்சு முன்னே நகரவே முடியாதபடி முட்டுக்கொடுக்கிறது. உராய்வு சேற்றிலும் எண்ணெயிலும் குறையும், முட்டு குறையாது.

பழைய வண்டியைப் புகழ்வதற்கும் எல்லை உண்டு. அந்தப் பின்னச்சின் நட்டுக்கு அடியில் என்னவெல்லாம் அடுக்கியிருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். ஸ்டாண்டின் கால், கேரியரின் கால், மட்கார்டு கம்பி, நடுநடுவே துருப்பிடித்த வாஷர். ஒவ்வொன்றும் மெல்லிய தகடு. புல்லுக்கட்டோ நெல் மூட்டையோ கேரியரில் ஏறி ஆடும்போது இந்த அடுக்கு படிந்து, நட்டின் இறுக்கம் தானே தளரும். சிங்கிள் ஸ்பீடாக மாற்றுகிறவர்கள் பழைய வண்டியைப் பார்த்து இதையும் சேர்த்துப் பின்பற்றக்கூடாது. கேரியரை ஃபிரேமில் தனித் துளையில் மாட்டட்டும். நட்டு ஃபோர்க்கை நேராகக் கடிக்கட்டும்.

கியர் வைத்த மலைச் சைக்கிளில் (எம்.டி.பி.) சிக்கல் நேர்மாறானது. காடி பெரும்பாலும் செங்குத்தாக, கீழ்நோக்கித் திறந்திருக்கும். சக்கரம் முன்னே வரவே வழியில்லை. ஃபோர்க்கின் உலோகமே முட்டு. பிடிமானத்தில் இதை எதுவும் மிஞ்சாது. ஆனால் பின்னேயும் நகராது, செயினை விறைப்பாக்க முடியாது. இதற்குச் சில கடைகளில் நடக்கும் வைத்தியம் அரம். காடியை ராவி, அச்சு நாலைந்து மி.மீ. நகர இடம் பண்ணிவிடுகிறார்கள். இதைவிடக் கெட்ட வேலை இல்லை. இருந்த நல்ல முட்டை எடுத்துவிட்டு உராய்வின் தயவில் விடுகிறார்கள். அலுமினிய ஃபிரேமாக இருந்தால் நட்டின் பற்கள் அந்த மெலிந்த உதட்டை மாதாமாதம் கடித்துத் தின்னும். அட்ஜஸ்டர் மாட்டவும் அங்கே வாகு இருக்காது.

இன்னொரு வழி, ராவாமல் கணக்குப் பார்ப்பது. முன்னும் பின்னும் சரியான பற்களைத் தேர்ந்தால் செயின் தானாகவே விறைப்பாக உட்காரும். ஒரு பல் கூட்டினால் அச்சு சுமார் 3 மி.மீ. நகர்ந்ததற்குச் சமம், அரை லிங்க் சேர்த்தால் 6 மி.மீ.க்குச் சமம். பொருந்திவிட்டால் பார்க்க அழகு, கூடுதல் சாமான் எதுவும் இல்லை. ஆனால் செயின் அரை சதவீதம் தேய்ந்து நீண்டால் வரும் தொய்வும் அதே 3 மி.மீ. கணக்குத்தான். காவிரி வண்டலும் வைக்கோல் தூசும் எண்ணெயோடு குழைந்து செயினை அரைக்கும் ஊரில் அந்த அரை சதவீதத்துக்கு வெகுநாள் ஆகாது. பிறகு செயின் கழலும், அதுவும் அழுத்தி மிதிக்கிற நேரம் பார்த்து. கண்காட்சிக்கு நல்ல வழி. வயலுக்குப் போகிற வண்டிக்கு ஆகாது.

மிச்சம், செயினைத் தள்ளி விறைப்பாக வைக்கும் டென்ஷனர். பழைய டெரெய்லரையே ஒரே இடத்தில் நிறுத்தி டென்ஷனராக வைத்துக்கொள்வது மலிவு. ஆனால் உளுந்துக்கொடி சுற்றிக்கொள்ளும் அதே நீளக் கூண்டு அங்கேயே தொங்குகிறது. கியரைக் கழற்றியதே வீண். ஒற்றைச் சக்கரத்தால் செயினை அடியிலிருந்து மேலே தள்ளும் வகை மேல். கீழே அவ்வளவு தொங்காது, ஃப்ரீவீலில் ஓரிரு பல் கூடுதலாகவும் பிடிக்கும். வளைந்துபோன காதில் மாட்டாமல், செயின் ஓடும் அடிக்குழாயில் கவ்வும் வகை கிடைத்தால் அதுவே தேவலை.

குயிக் ரிலீஸ் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பேனர் இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற, இத்தாலியின் துல்லியோ கம்பாஞ்ஞோலோ பந்தயக்காரர்களுக்காகப் பரப்பிய ஏற்பாடு அது. செங்குத்துக் காடியில் அதனால் கெடுதலில்லை. படுக்கைக் காடியில், அதுவும் வெளியே பிளாஸ்டிக் வைத்த மலிவு வகை, 115 கிலோ இழுவைக்கு ஈடுகொடுக்காது. போதாததற்கு, வரப்பில் நிறுத்திவிட்டு நடவுக்குப் போகிறவர் திரும்பி வரும்போது சக்கரம் இருக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று அச்சு. ஆறேழு பல்சக்கரம் திருகிய ஹப்பில் வலதுபக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அதற்கு வெளியே அச்சு ஆதாரமின்றி நீண்டு நிற்கும். மூட்டை ஏறினால் அங்கேதான் வளையும், முறியும். ஒற்றை ஃப்ரீவீல் போட்டதும் வலப்பக்க ஸ்பேசரில் பாதியை இடப்பக்கம் மாற்றலாம். அச்சின் நீட்டல் குறையும், செயினும் நேராக ஓடும். சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து கோட்டம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்திலேயே குயிக் ரிலீஸுக்கென்று துளை போட்ட அச்சைத் தூர எறிந்து, 10 மி.மீ. கட்டி அச்சும் இரண்டு நல்ல நட்டும் போட்டுவிடலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. படுக்கைக் காடி என்றால் கட்டி அச்சு, பல் வைத்த வாஷர், வலதுபக்கம் கட்டாயம் ஒரு செயின் அட்ஜஸ்டர். இடதுபக்கம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடிமுழுகாது. செங்குத்துக் காடி என்றால் காடியைத் தொடாமல் கட்டி அச்சும், மேலே தள்ளும் டென்ஷனரும். இரண்டில் வயலுக்கும் சந்தைக்கும் உகந்தது முதலாவதுதான்; சிக்கிக்கொள்ள அதில் எதுவும் இல்லை. மாற்றுவதற்கென்றே பழைய எம்.டி.பி. வாங்குகிறவர் பெயின்டையும் பிரேக்கையும் பார்ப்பதற்கு முன் பின் ஃபோர்க்கைப் பார்க்கட்டும். காடி கீழ்நோக்கி இருந்தால் டென்ஷனரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம். அரம் பட்ட அடையாளம் இருந்தால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.