சிவபுராணமும் டார்வினும்

டார்வின் 1859-இல் நூலாக்கிய பரிணாமக் கொள்கையை மணிவாசகப் பெருமான் சிவபுராணத்திலேயே மொழிந்துவிட்டார் என்று நம் விழா மேடைகளில் கேட்கின்றோம். பெருமிதம் தரும் இக்கூற்றைப் பாடலோடு வைத்துப் பார்த்தல் நம் கடன்.

அடிகள் அடுக்கும் பிறவிகளுள் புழுவுக்குப் பின் மரம் வருகின்றது. பாம்பை அடுத்துக் கல் வருகின்றது. மனிதருக்கு அப்பாலும் பேய், கணம், அசுரர், முனிவர், தேவர் எனத் தொடர்கின்றது. இஃது உயிரினங்கள் தலைமுறைதோறும் மாறிய வரலாறன்று. ஓருயிர் பல உடல் புகுந்து களைத்த துயரம். வீடுபேறு வேண்டும் விண்ணப்பமே அவ்வடிகளின் உயிர்ப்பு. அதனை அறிவியற் பட்டியலாக்கினால் கவிதையை இழக்கின்றோம், அறிவியலும் கிட்டுவதில்லை.

சமயகுருவாகும் நோக்குடன் கேம்பிரிட்ஜில் பயின்ற டார்வின், கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ துணியாத நிலையே தமக்குப் பொருந்தும் என 1879-இல் கடிதமொன்றில் எழுதினார். படைப்பைப் பற்றிய எண்ணம் வாழ்நாளில் மாறுவது இழுக்கன்று. மாறாத ஒன்றைக் காட்டுவதற்காகப் பாடலைத் திரிப்பதே இழுக்கு.

பள்ளியில் டார்வினையும் வீட்டில் திருவாசகத்தையும் கற்கும் நம் பிள்ளைகள் இரண்டையும் ஒருநாள் ஒப்பிடுவர். அன்று பொய்ப்பெருமை உடையுமாயின், பாடலின்மீது கொண்ட பற்றும் உடன் உடையும். தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு அவ்விழப்பு பெரிது.