பெருங்களத்தூரில் பிறந்த ஹெரால்டு

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் தாண்டித் தெற்கே போனால் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இன்று ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்து நிற்கின்றன. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது இங்கேதான். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1948இல் தொடங்கிய நிறுவனம் அது. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென் என்று கார்கள் கட்டிக்கொண்டிருந்தவர்கள் 1961இல் ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிற யாருக்கும் நான் முதலில் காட்ட விரும்புவது இந்தப் பழைய காரைத்தான். ஒரு வண்டியை ஓட்டி ரசிப்பதும் பராமரிப்பதும் ஒரே ரசனையின் இரண்டு பக்கங்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் கார் நம் ஊரில் பிறக்கவில்லை.

முதலில் அதன் வடிவம். வரைந்தவர் இத்தாலியின் டியூரின் நகரத்துக் கலைஞர் ஜியோவன்னி மிக்கெலாட்டி. அம்பாசிடரும் பியட்டும் உருண்டு திரண்டு நின்ற காலத்தில் இவர் நேர்கோடுகளை நம்பினார். முகப்பு விளக்குகளின் மேல் புருவம்போல் நீளும் விளிம்பு, அங்கிருந்து கதவு வழியாகப் பின்பக்கம் வரை ஓடும் ஒரே கோடு, மெல்லிய தூண்கள், அகன்ற கண்ணாடிகள். இரண்டு கதவு மாடலைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எங்கேயும் தேவையில்லாத சதை இருக்காது. இந்தியக் குடும்பங்களுக்காகப் பின்னாளில் நம் ஊரிலேயே நான்கு கதவு வைத்தார்கள். வசதி கூடியது, ஆனால் இரண்டு கதவு ஹெரால்டின் அந்த நீண்ட கதவும் கச்சிதமும் தனி அழகு.

அடுத்து அதன் எலும்பு. தனிச் சட்டமில்லாமல் பாடியையே எலும்பாக்கும் முறைக்கு உலகம் மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு தனிச் சேஸிஸ் மேல் நின்றது. பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கினார்கள். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். வண்டி முழுதாகத் திரும்ப 25 அடி, அதாவது ஏழரை மீட்டர் சுற்று போதும். அன்றைய அம்பாசிடரிலும் பியட்டிலும் கியர் ஸ்டியரிங் தண்டில் இருந்தது; ஹெரால்டில் தரையிலிருந்து எழுந்து இடது கைக்கு நேராக நின்றது. 948 சி.சி. இன்ஜினின் திறன் 40 குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. ஆனால் கை திருப்பியதும் முன்சக்கரம் பதில் சொல்லும். ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. இதே சேஸிஸைக் குறுக்கி, இதே மிக்கெலாட்டியை வைத்து, இங்கிலாந்தில் ஹெரால்டை உருவாக்கிய ட்ரையம்ப் 1962இல் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர், உலகமெங்கும் ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் கொண்டாடும் வண்டி. பெருங்களத்தூர் ஹெரால்டு அதற்கு உடன்பிறப்பு.

ஹெரால்டின் பானட்டைத் திறக்கும் காட்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகளை விடுவித்தால், மட்கார்டு, விளக்குகள் எல்லாம் சேர்ந்த முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிச் சாயும். இன்ஜின், ரேடியேட்டர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் இருக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைச் சரிசெய்யலாம். வாங்கியவன் தன் வண்டியைத் தானே பார்த்து, தொட்டு, புரிந்துகொள்ளட்டும் என்று ஒரு பொறியாளர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

புரிந்துகொண்டால்தான் பராமரிக்க முடியும். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிப்பகுதி மரையிட்டு ஒரு உலோகக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். அதற்கு ட்ரனியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழலும். எல்லா இடத்துக்கும் கிரீஸ் அடிக்கும் பழக்கத்தில் இங்கேயும் கிரீஸ் அடித்துவிட்டால், அது நாளடைவில் இறுகி, ஈரம் தங்கி, தண்டு அரித்து ஒருநாள் முறிந்துவிடும். இங்கே போக வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். இன்னொரு சோதனை: ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் இன்ஜின் முன்னால் உள்ள கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. வாஷரை உடனே மாற்றினால் செலவு சிறிது. விட்டால் கிராங்க் ஷாஃப்டும் பிளாக்கும் போகும். மழைக்காலத்தில் கார்பெட்டைத் தூக்கித் தரைத்தகட்டை உலரவிட வேண்டும். நம் பக்கத்து ஈரக்காற்று போல்ட் போட்ட இணைப்புகளில்தான் முதலில் துருவைப் பிடிக்க வைக்கும்.

ஓட்டுவதிலும் தெரிந்து நடக்க வேண்டியது ஒன்று உண்டு. பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில் தொங்குகின்றன. வேகமாக வளைவுக்குள் போய்விட்டு, நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்ளே மடங்கி, பிடிமானம் போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே மெல்ல அழுத்தம் கொடுத்துக்கொண்டே போகிறவரிடம் ஹெரால்டு அருமையாக நடந்துகொள்ளும். 1970களின் தொடக்கத்தில் வந்த கெசல் மாடலில் இதை மாற்றி ஒரே ஆக்சிலாகப் போட்டார்கள். மெக்கானிக்குகளுக்கு வேலை எளிதானது.

இன்று அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார் கட்டுகிறது. 2021இல் அங்கிருந்து வந்த எம்340ஐ மாடலில் ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன். 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.4 விநாடி. பத்து ஹெரால்டுகளைச் சேர்த்தாலும் அந்த வலு வராது. ஆனால் இதன் பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் கண்ணில் படும். டயர் மேல் உட்கார்ந்து எதையும் திருக முடியாது. அதனால் உடைமையாளரின் கவனம் வேறு இடங்களுக்குப் போக வேண்டும். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வெளியே எடுத்த அன்றே ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தாதீர்கள். புது டயர் முழுப் பிடிமானம் தர சுமார் 300 கிலோமீட்டர் ஓட வேண்டும். பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக 500. இன்ஜினுக்கு 2,000 வரை பொறுமை வேண்டும். ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். காலையில் ஆயில் சூடேறும்வரை மிதமாகப் போங்கள். டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாழ்ந்த காரைத் தேங்கிய நீரில் இறக்காதீர்கள். மீறி நீர் புகுந்துவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன காற்று அமுங்கும், நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைத் தூக்கிப் போய் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

காசு கொடுத்தால் வேகம் கிடைக்கும். வண்டியின் குணம் மட்டும் கவனிக்கிறவருக்கே பிடிபடும். எங்கே சத்தம் மாறுகிறது, எந்த வளைவில் எவ்வளவு தாங்கும், எந்த இடத்துக்கு எந்த ஆயில் என்று தெரிந்து ஓட்டுகிறவர் 948 சி.சி.யிலும் ஸ்போர்ட்ஸ் கார்தான் ஓட்டுகிறார். புதுசு வாங்குகிறவர்கள் சாவியோடு தரும் கையேட்டை முதலில் முழுக்கப் படியுங்கள். பழைய ஹெரால்டு ஒன்று எங்காவது நின்றால், உடையவரிடம் கேட்டு அந்தப் பானட்டைத் திறந்து பாருங்கள். கார் என்றால் என்ன என்று அது ஐந்தே நிமிடத்தில் காட்டிவிடும்.