வருவது கூறும் சொற்கள்: ஆருடமும் கணிப்பும்

வருவதை முன்னுரைக்கும் தமிழ்ச்சொற்கள் ஒருபொருட்சொற்கள் அல்ல. உரைப்பவர் எதனை ஆதாரமாகக் கொள்கிறார் என்பதை ஒவ்வொன்றும் உடன் சுட்டுகிறது. தொல்காப்பியம் வெட்சித்திணையில் கூறும் விரிச்சி, அயலார் வாயில் தற்செயலாக எழும் சொல்லை நிமித்தமாகக் கேட்பது. கணிப்பு, எண்ணுதலைக் குறிக்கும் 'கணி' என்னும் அடியிலிருந்து பிறந்தது. பண்டைக் கணியனும் சோதிடம் அறிந்தவனே. எனினும் அவன் கலைக்கு அடிப்படை எண்ணே. ஆருடமோ சோதிடத்துக்கே உரிய சொல்.

மலேசியத் தமிழ் நாளேடுகளில் அரசியல் ஆய்வாளரின் கருத்தும் 'ஆருடம்' எனப்படுவதைக் காண்கிறோம். இதனை வெறும் சொல்லாட்சி வேறுபாடாக நாம் கொள்வதற்கில்லை. 2018 மே 9ஆம் நாள் நடைபெற்ற 14ஆவது பொதுத்தேர்தலில், ஆய்வாளர் பலரின் எதிர்பார்ப்புக்கு மாறாகத் தேசிய முன்னணி ஆட்சியை இழந்தது. ஆருடம் பொய்த்தது என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கணிப்பு பிழைத்தது என்றால் எந்தத் தரவு குறைந்தது, எம்முறை தவறியது என்னும் வினாக்கள் எழும்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடம் 'ஊகித்தல்', 'முன் அனுமானித்தல்' ஆகியவற்றைத் தனித்தனித் திறன்களாகக் கற்பிக்கிறது. உற்றறிந்ததற்குக் காரணம் கூறுவது முன்னது. அதனைக் கொண்டு வரப்போவதைக் கூறுவது பின்னது. வகுப்பறை காக்கும் இவ்வேறுபாட்டை மொழிப்பாடக் கட்டுரைகளிலும் நாம் வலியுறுத்த வேண்டும். சொல்லுக்கேற்ற வினைமுடிபும் தேவை: கணிப்புக்கு 'வெல்லும்' என்பதினும் 'வெல்லக்கூடும்' என்பதே பொருந்தும்.