ஓர் அடித் தண்ணீரின் அழுத்தம்

தர்மபுரியின் சித்திரை வெயிலிலும் வத்தல்மலையின் மார்கழிக் குளிரிலும் கேஸ் அடுப்பின் நீலச் சுடர் ஏறக்குறைய ஒரே உயரத்தில் எரிகிறது. பாராட்டு அடுப்புக்குப் போகிறது. போகவேண்டியது சிலிண்டரின் தலையில் அமர்ந்திருக்கும் ரெகுலேட்டருக்கு. 14.2 கிலோ சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போலப் பல மடங்கு. வெயிலில் ஏறும், குளிரில் இறங்கும், தொடர்ந்து எரித்தால் சிலிண்டரே குளிர்ந்து இன்னும் குறையும். வெளியே வருவதோ சுமார் 30 மில்லிபார்தான், அதாவது ஓர் அடி உயரத் தண்ணீரின் அழுத்தம். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதன்மேல் ஒரு ஸ்பிரிங். வெளிப்பக்க அழுத்தம் கூடினால் சவ்வு மேலெழுந்து வாயுவின் வழியைக் குறுக்கும். குறைந்தால் ஸ்பிரிங் அதைத் தாழ்த்தி வழியை விரிக்கும். மின்சாரமே இல்லாமல் நொடிக்கு நொடி தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்த எளிமைதான் என்னை வியக்க வைக்கிறது.

தீயைக் கூட்டவும் குறைக்கவும் அடுப்பில் திருகு இருக்கிறதே என்று கேட்கலாம். திருகு வாயு போகும் வழியைத்தான் அளக்கும். பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம் நிலையாக இருந்தால்தான் அந்த அளவுக்குப் பொருள் உண்டு. ஓட்டல்களின் பெரிய அடுப்புகளுக்கு உயர் அழுத்த ரெகுலேட்டர் உண்டே என்பார்கள். அவை அதற்கென்றே செய்த பர்னர்கள். வீட்டு அடுப்பில் அந்த ரெகுலேட்டரை மாட்டுவது ஆபத்து. ரெகுலேட்டரின் மேலுள்ள சிறு துளை சவ்வு மூச்சுவிடும் வழி, அதை அடைக்காதீர்கள். ரப்பர் டியூபை ஐந்தாண்டுக்குள் மாற்றுங்கள். வாயு கசிந்தால் அழைக்கவேண்டிய எண் 1906.