'தேவை' இல்லாதவர்கள்

தமிழகப் பொருளியல் பாடநூல்களில் டிமாண்டுக்குப் பெயர் 'தேவை'. விலை ஏறினால் தேவை குறையும் என்பது விதி. கையில் காசில்லாதவனின் பசி இந்தக் கணக்கில் தேவையே ஆகாது. ஈழத்தில் 'கேள்வி' என்கிறார்கள், எவ்வளவோ மேல்.

விதிவிலக்குகளில் முக்கியமானது கிஃபன் பண்டம். ரொட்டி விலை ஏறினால் ஏழைத் தொழிலாளி இறைச்சியைக் குறைத்துக்கொண்டு ரொட்டியையே கூடுதலாக வாங்குவான் என்று 1895இல் மார்ஷல், கிஃபன் பெயரைச் சொல்லி எழுதினார். பின்வந்த பாடநூல்கள் அயர்லாந்துப் பஞ்சத்து உருளைக்கிழங்கை இதற்கு உதாரணமாக்கிவிட்டன. 1845இல் நோய் தாக்கிக் கிழங்கே அழுகிப்போச்சு. இல்லாத கிழங்கை எவன் அதிகமாகத் தின்றான்? சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். தானியமோ இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. இவ்வளவும் கரும்பலகையில் மேல்நோக்கிப் போகும் ஒரு கோடாகிவிட்டது. ட்வையரும் லிண்ட்சேயும் 1984இலேயே இதை மறுத்தார்கள்.

பணக்காரன் விலை கூடுதல் என்பதற்காகவே வாங்குவதற்கு 'வெப்லன் விளைவு' என்று பெயர். ஏழை வாங்கினால் 'கிஃபன் முரண்பாடு'. இதில் என்ன முரண்பாடு இருக்கு? வயிறு நிறைய அவன் போடுகிற கணக்கு அது.

நம்பத்தகுந்த சான்று 2008இல் வந்தது. சீனத்து ஹூனானில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியை மலிவாக்கிப் பார்த்தார்கள் ஜென்சனும் மில்லரும். அவர்கள் அரிசியைக் குறைத்துக்கொண்டார்கள்; மானியத்தை எடுத்ததும் மறுபடி கூட்டினார்கள். பரம ஏழைகளிடம் மட்டும் இப்படி நடக்கவில்லை. குறைத்துக்கொள்ள அவர்கள் தட்டில் வேறெதுவும் இருந்ததில்லை.